மூன்று மலை நடை: புறப்படுமுன் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, காலபோக அறுவடை முடிந்த கையோடு, மாசிக் கடைசியில் பத்துப் பன்னிரண்டு பேராக மலைநாட்டுக்குப் போய் மூன்று மலை ஏறி வருகிறோம். ஏறப்போகிறோம் என்று ஊரிலும் வெளிநாட்டிலும் சொல்லி, செயற்கைக் கால் தேவைப்படுகிறவர்களுக்குக் காசு சேர்க்கிறோம். இதுவரை நான்கு தடவை போயிருக்கிறோம். கார்த்திகை பிறந்தால் போதும், அதே கேள்விகள் வரத் தொடங்கிவிடும்: தேநீர்க் கடையில், கோயில் வீதியில், நடுச்சாமத்தில் கனடாவிலிருந்து வட்ஸ்அப்பில். எழுதி வைத்தால் என் தொண்டையாவது தப்பும்.

எந்த மூன்று மலை?

சிவனொளிபாதமலை (2243 மீற்றர்), கிரிகல்பொத்த (2388 மீற்றர்), தொட்டுபொல (2357 மீற்றர்). பின்னிரண்டும் ஹோட்டன் சமவெளித் தேசிய பூங்காவுக்குள் இருக்கின்றன. உயரத்தில் நாட்டின் இரண்டாவது, மூன்றாவது மலைகள்.

இலக்கங்களைப் பார்த்துக் கிரிகல்பொத்ததான் கடினம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது பிழை. ஹோட்டன் சமவெளியே 2100 மீற்றருக்கு மேலே இருக்கிறது, அதுவரை வான் கொண்டுபோய் இறக்கிவிடும். மிச்சம் ஏறுவது 300 மீற்றர்கூட வராது. ஆனால் போக ஏழு, வர ஏழு என்று 14 கிலோமீற்றர் நடை. புல்வெளி, சேறு, வேர் பின்னிய காடு. சிவனொளிபாதத்துக்கு நல்லதண்ணிப் பக்கத்தால் ஏறினால், அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஆயிரம் மீற்றர் அளவு, ஏறக்குறைய 5500 படி. ஆக, மூன்றில் ஆகப் பதிந்த மலைதான் ஆளை ஆக அதிகம் முறிக்கும். தொட்டுபொல சின்ன ஏற்றம், ஒரு காலைப் பொழுது போதும்.

நாட்டின் ஆக உயர்ந்த மலையை ஏன் விட்டீர்கள்?

பீதுருதலாகலவைக் கேட்கிறீர்கள், 2524 மீற்றர். உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்களும் இராணுவக் காவலும் இருக்கின்றன. பார்க்கப் போகிறவர்களை வாகனத்தில்தான் விடுவார்கள், நடந்து ஏற விடமாட்டார்கள். வானில் ஏறிப்போய் இறங்கிவிட்டு "மலை ஏறினோம், காசு தாருங்கள்" என்று கேட்க எங்களுக்கு வெட்கம்.

மலைநாட்டுக்குப் போகாமல் வன்னியிலேயே ஏறினால் என்ன?

எங்கே ஏறுவது? இங்கே மலை என்றால் அறுவடைக் காலத்து நெல் குவியல்தான். குருந்தூர்மலையும் வெடுக்குநாறிமலையும் இருக்கின்றன. இரண்டும் மரத்தலைக்கு மேலே கொஞ்சம் தெரிகிற குன்றுகள், இரண்டைச் சுற்றியும் வழிபாட்டு உரிமை, தொல்லியல் என்று பிணக்குகள் நடக்கின்றன. அங்கே கும்பிடப் போகிறவர்கள் போகட்டும். காசு சேர்க்கும் நடைக்கு அதை மேடையாக்க வேண்டாம் என்று முதல் கூட்டத்திலேயே முடிவெடுத்தோம்.

நான் வயல்காரன். நாள் முழுக்க நடக்கிறவன். எனக்கும் பயிற்சி வேண்டுமா?

வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள்தான் ஒவ்வொரு வருடமும் நொண்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். முதல் வருடம் நானும் அதில் ஒருவன்.

எங்கள் சனத்துக்கு நடக்கத் தெரியும், அதில் சந்தேகமில்லை. செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு ஒரு மாதத்துக்கு மேலாகப் பாதயாத்திரை போகிறவர்கள் முல்லைத்தீவு வழியாகத்தான் போகிறார்கள். அவர்களோடு வெறுங்காலால் போய் வந்த அம்மாமார் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆனால் அது வெட்டை நிலத்து நடை. தெரியாதது இறக்கம்.

ஏறும்போது மூச்சு வாங்கும், நிற்பீர்கள், ஆறிவிட்டுத் தொடர்வீர்கள். இறங்கும்போது மூச்சு வாங்காது. சுகமாக இருக்கிறது என்று வேகமாக இறங்குவீர்கள். ஒவ்வொரு படியிலும் உடம்பின் முழுப் பாரத்தையும் தொடைத் தசை நீண்டபடியே தாங்கிப் பிடிக்க வேண்டும். வெட்டையில் நடக்கும் கால் அந்த வேலையை ஒருநாளும் செய்ததில்லை. 2000 படி இறங்கியதும் முழங்கால் கிடுகிடுக்கும். அடுத்த நாளைவிட அதற்கடுத்த நாள் நோவு கூடும். சரியாக அந்த நாளில்தான் கிரிகல்பொத்த வருகிறது.

மாடிப்படி ஒன்றைக் கண்டுபிடியுங்கள். எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மாடிப் பள்ளிக்கூடக் கட்டடம். அதிபர் சனிக்கிழமைகளில் திறப்புத் தருகிறார். அதில் 22 படி. 5500 படி ஏற வேண்டுமென்றால் 250 தடவை ஏறி இறங்க வேண்டும். ஒரே நாளில் யாரும் செய்யச் சொல்லவில்லை. முதல் கிழமை 20 தடவையில் தொடங்கிப் பன்னிரண்டாம் கிழமை 120க்கு வந்தால் போதும். இறங்கும்போது மனதுக்குள் மூன்று எண்ணி ஒரு படி இறங்குங்கள். ஆறாம் கிழமையிலிருந்து முதுகுப் பையில் ஐந்து கிலோ அரிசி.

படி இல்லாத ஊர் என்றால் குளக்கட்டு. இரணைமடுவோ முத்தையன்கட்டோ வவுனிக்குளமோ, உங்களுக்குக் கிட்டிய கட்டின் சரிவில் குறுக்காக ஏறி இறங்குங்கள். கட்டின் மேலே நீட்டுக்கு நடப்பது காற்று வாங்க நல்லது, பயிற்சிக்கு உதவாது. வெளிச்சம் வந்த பிறகு போங்கள். யானை குளத்தை விட்டுப் போக நேரம் கொடுக்க வேண்டும். குறுக்கு வழி என்று தெரியாத பற்றைக்குள் இறங்க வேண்டாம். கண்ணிவெடிச் சிவப்புப் பலகை இல்லாத இடமெல்லாம் துப்புரவான இடம் என்று பொருளில்லை. யாருக்காகக் காசு சேர்க்கிறோம் என்பதை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஒத்திகைக்கு மிகிந்தலை போகிறோம். 1840 படி, ஏ9 வீதியிலேயே, வவுனியாவிலிருந்து ஒன்றரை மணித்தியாலத்துக்குள். அதை இரண்டு தடவை ஏறி இறங்கி, மறுநாள் காலை வழமைபோல வேலைக்குப் போக முடிந்தால் நீங்கள் தயார்.

குளிர் தாங்குமா? உயரத்தில் மூச்சு முட்டுமா?

உயரத்தால் வரும் நோய் பெரும்பாலும் 2500 மீற்றருக்கு மேலேதான் ஆளைப் பிடிக்கும். எங்கள் மூன்று மலையும் அதற்குக் கீழே. முட்டுகிற மூச்சு பெரும்பாலும் பயிற்சி போதாத மூச்சு.

குளிர் வேறு விசயம். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு, ஆறரைப் பாகை குறையும். கிளிநொச்சியில் 30 பாகையில் விசிறி போட்டுப் படுக்கிறவர், அதே நேரத்தில் சிவனொளிபாத உச்சியில் 15, 16இல் நிற்பார். அதுவும் பகலில். விடியப்புறம், காற்றோடு, வியர்த்த சேர்ட்டோடு என்றால் பல் அடிக்கும். தை மாசியில் ஹோட்டன் சமவெளிப் புல்லில் சில விடியல்களில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். எங்கள் பெடியளில் பாதிப் பேருக்கு அதுதான் வாழ்க்கையில் கண்ட முதல் உறைபனி. ஒருவன் நக்கியும் பார்த்தான்.

தடித்த ஒரு ஜக்கெட்டைவிட மெல்லிய மூன்று உடுப்பு நல்லது. சூடானால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். உச்சியில் போடுவதற்கென்று நனையாத ஒரு பெனியன் பைக்குள் தனியாக இருக்கட்டும். பருத்தி நனைந்தால் காயாது. வயலுக்குப் போடுகிற பழைய விளையாட்டுக் கழக ஜேர்சி நல்லாகக் காயும், அதைக் கொண்டுவாருங்கள்.

சப்பாத்து என்ன வாங்குவது?

பழகிய சப்பாத்து. விலையைப் பிறகு பார்க்கலாம். பாட்டா செருப்போடு சிவனொளிபாதம் ஏறுகிற தோட்டத்து ஆச்சிமாரைப் பார்க்கத்தான் போகிறீர்கள், அதற்காக நீங்களும் செருப்போடு வர வேண்டாம். அவர்கள் பிறந்ததிலிருந்து சரிவில் நடக்கிறவர்கள். அடிப்பாகத்தில் பல்லுள்ள சப்பாத்தாக, காலைவிட அரை அளவு பெரிதாக வாங்கி, பயிற்சி முழுவதும் அதையே போடுங்கள். இறங்கும்போது பாதம் முன்னுக்குச் சறுக்கிப் பெருவிரல் நகம் இடிபடும். மலைக்குப் போகுமுன் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நாலு கிழமை கழித்துக் கறுத்து விழும் நகத்தோடு எனக்கு எழுதாதீர்கள்.

மிச்சம்: நெற்றியில் கட்டும் டோர்ச், மேலதிகப் பற்றரி, மழைக்கோட்டு, இரண்டு சோடி சொக்ஸ், ஒரு ஊன்றுதடி, அடையாள அட்டை. இரத்தம் குடிக்கிற அட்டைக்குப் பயப்படுகிறவர்கள் சொக்ஸுக்குள் காற்சட்டையைச் செருகி அதன்மேல் சவர்க்காரம் தேயுங்கள். குளத்து அட்டையைப் பார்த்தவர்களுக்கு மலை அட்டை சின்னப் பிள்ளை.

வழியில் என்ன சாப்பிடுவது?

கச்சானும் பனங்கட்டியும். சொக்லேட்டுக்குக் காசைக் கரைக்க வேண்டாம். சிவனொளிபாதத்தில் பருவ காலத்தில், அதாவது மார்கழிப் பூரணையிலிருந்து வைகாசிப் பூரணை வரைக்கும், வழிநெடுகத் தேநீர்க் கடையும் வெளிச்சமும் உண்டு. பருவம் முடிந்தால் இரண்டும் இல்லை, மழையும் காற்றும்தான், அப்போது போகாதீர்கள். பருவத்துக்குள்ளும் பூரணை நாளையும் நீண்ட விடுமுறையையும் தவிருங்கள். படியில் வரிசையில் நின்றே விடிந்துவிடும்.

ஹோட்டன் சமவெளிக்குள் கடையை நம்ப வேண்டாம். வாசலில் பையைத் திறந்து பொலித்தீன் இருந்தால் எடுத்துவிடுவார்கள், பிஸ்கட் உறையைக்கூட. பகல் சாப்பாட்டை வாழையிலையிலோ எவர்சில்வர் டப்பாவிலோ கட்டுங்கள். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர், அதோடு ஒரு ஜீவனி (உப்பும் சீனியும் கலந்த தூள்) பக்கற்.

மூன்றையும் எத்தனை நாளில் முடிக்கிறீர்கள்? எப்படிப் போவது?

வீட்டிலிருந்து வீடுவரை ஆறு நாள். இரவு பஸ்ஸில் கண்டி. எங்கள் வாசலால் போகிற அதே ஏ9 கண்டியில்தான் தொடங்குகிறது, சுமார் 250 கிலோமீற்றர். கண்டியிலிருந்து ஹட்டன், மஸ்கெலியா, நல்லதண்ணி. ரயிலை விரும்புகிறவர்கள் பொல்காவலையில் இறங்கிப் பதுளை வண்டிக்கு மாறலாம். நள்ளிரவு தாண்டி ஏறத் தொடங்கினால் சூரியன் வருமுன் உச்சி. வெயில் வந்ததும் மறுபக்கம் திரும்பிப் பாருங்கள். மலையின் நிழல் முக்கோணமாக முகிலின்மேல் விழும். எல்லோரும் சூரியனைப் படமெடுப்பதில் அதைத் தவற விடுகிறார்கள்.

அடுத்த நாள் முழு ஓய்வு. அந்த ஓய்வு நாளை வெட்டி ஒரு நாளை மிச்சம் பிடிக்கலாம் என்று ஒவ்வொரு வருடமும் ஒருவர் சொல்வார். ஒரு வருடம் கேட்டோம். பன்னிரண்டு பேரில் ஐந்து பேர்தான் கிரிகல்பொத்த உச்சியைக் கண்டார்கள். பிறகு ஒரு நாள் கிரிகல்பொத்த, மறுநாள் தொட்டுபொல. காலை ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போதே உள்ளே போய், கிரிகல்பொத்தவுக்குப் போவதாக வனசீவராசிகள் அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும். பத்து மணிக்குப் பிறகு முகில் இறங்கினால் முன்னால் போகிறவரின் முதுகு தெரியாது. மழை பலமாக இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சளோ சிவப்போ உங்கள் வழியில் இருந்தால் வீட்டிலேயே இருங்கள். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ், காசு இல்லை.

சிங்களம் தெரியாதே?

ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் தமிழே போதும். பூங்கா வாசலில் கொஞ்சம் சிங்களம் தெரிந்தவர் ஒருவர் குழுவில் இருந்தால் நல்லது.

ஒரு விசயம். எங்கள் குழுவில் மூன்று பேரின் தாத்தாமார் அந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிறந்தவர்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்த குடும்பங்கள். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இப்படி எத்தனையோ வீடு. அவர்களில் ஒருவன் மஸ்கெலியாவில் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் நின்று தாத்தாவின் பெயரைச் சொல்லி விசாரித்தான். யாருக்கும் தெரியவில்லை. ஆனால் எல்லோருக்கும் தேநீர் வந்தது. அந்த நேரத்துக்கும் ஒதுக்கி அட்டவணை போடுங்கள்.

பெண்பிள்ளைகள் வரலாமா?

வருகிறார்கள். போன தடவை பன்னிரண்டில் ஐந்து பேர். பெற்றோர் கேட்பது தங்குமிடத்தைப் பற்றித்தான். பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். சுடிதாரோடு ஏறலாம், துப்பட்டாவை மட்டும் பைக்குள் வையுங்கள். கிரிகல்பொத்தப் பாதையில் கழிவறை இல்லை, அதைச் சொல்லாமல் கூட்டிப்போவது அநியாயம்.

செயற்கைக் கால் போட்டவர் எங்களோடு ஏறலாமா?

ஏறலாம், ஆனால் "அவர் வந்தால் காசு நிறையச் சேரும்" என்ற எண்ணத்தில் கேட்டால் என் பதில் வேறு. அவருக்கே ஆசையாக இருக்க வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே இழந்தவருக்கும் மேலே இழந்தவருக்கும் மலை ஒன்றல்ல. முழங்கால் சொந்தமாக இருந்தால் படி ஏறலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு படிக்கும் இடுப்பு உழைக்க வேண்டும். காலைப் பொருத்தித் தந்த தொழில்நுட்பவியலாளரிடம் முதலில் காட்டுங்கள். நடக்க நடக்க மிச்சக் காலின் பருமன் மாறும், மிச்சக் காலைச் செருகும் கிண்ணம் தளரும், வியர்வையில் வழுக்கும். உள்ளே போடும் சொக்ஸ் நாலைந்து சோடி வேண்டும், ஒரு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கழற்றித் தோலைப் பார்க்க வேண்டும். சிவந்து அப்படியே நின்றால் அன்றைய நடை முடிந்தது. எங்களுக்குக் கொப்புளம் வந்தால் இரண்டு நாள் நொண்டுவோம். அவருக்குக் கொப்புளம் வந்தால் காலே போட முடியாமல் வீட்டில் இருப்பார், வேலையும் போகும்.

எங்களோடு ஒரு அண்ணன் தொட்டுபொல ஏறினார். சிவனொளிபாதத்துக்கு நல்லதண்ணியிலேயே நின்றுகொண்டார். "உங்கட பைகளைப் பார்க்க ஆள் வேணுமே" என்றார்.

ஏன் செயற்கைக் கால்? அதெல்லாம் 2009ஓடு கொடுத்து முடிந்துவிட்டதே?

கால் ஒருமுறை கொடுத்து முடிகிற சாமான் இல்லை. பெரியவருக்கு மூன்று முதல் ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டும். வயலில் சேற்றில் நிற்கிறவருக்கு அதற்கும் முன்னரே பாதம் வெடிக்கும். வளரும் பிள்ளைக்கு வருடா வருடம்கூட. சண்டையில் இழந்தவர்கள் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். சீனி வருத்தத்தால் கால் எடுத்தவர்களின் தொகை இப்போது எங்கள் பட்டியலில் கூடிக்கொண்டு போகிறது.

காசை எப்படிச் சேர்ப்பது?

மலை ஏறுவதைவிட இதுதான் பெரிய ஏற்றம்.

முதல் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். வான் பிடித்தோம், காசு முழுவதும் ஒருவரின் சட்டைப்பையில். திரும்பி வந்து தேநீர்க் கடையில் நிற்கிறோம், ஒருவர் கேட்டார்: "வானுக்கு ஆர்ட காசு?" எங்கள் சொந்தக் காசுதான். ஆனால் காட்ட ஒரு துண்டும் இல்லை. மூன்று இரவு உட்கார்ந்து நினைவிலிருந்து கணக்கெழுதினோம். அவர் கேட்டது பிழையே இல்லை. எத்தனையோ பேர் இந்த மண்ணின் பெயரைச் சொல்லிச் சேர்த்தார்கள், வந்து சேர்ந்தது எவ்வளவு என்று இங்குள்ள எவருக்கும் தெரியாது.

இப்போது காசு எங்கள் கையால் போவதில்லை. செயற்கைக் கால் செய்துகொடுக்கும் பதிவு பெற்ற நிலையம் ஒன்றோடு முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்கிவிடுகிறோம். தருகிறவர் நேரே அந்த நிலையத்தின் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, துண்டைப் படமெடுத்து எங்களுக்கு அனுப்புவார். நாங்கள் பெயரையும் தொகையையும் மட்டும் எழுதுகிறோம். உண்டியலில் (வங்கி இல்லாமல் ஆள் வழியாக) அனுப்புகிறேன் என்று வெளிநாட்டிலிருந்து கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள், கோபித்தாலும் பரவாயில்லை. உங்கள் குழுவே கணக்குத் திறப்பதென்றால் மூன்று கையொப்பம், அதில் ஒன்று மலை ஏறாத ஒருவருடையது. தொடங்குமுன் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் சொல்லிவிடுங்கள்.

ஊருக்குள் கேட்க அறுவடைக் காலம்தான் சரி, கையில் ஏதாவது புரளும். பலர் காசாகத் தரமாட்டார்கள், நெல்லாகத் தருவார்கள். அரை மூட்டை, ஒரு மூட்டை. வாங்குங்கள். அன்றைக்கே ஆலையில் போட்டு, நிறையையும் விலையையும் பற்றுச்சீட்டில் எழுதி, தந்தவருக்கு ஒரு பிரதி கொடுங்கள். முதல் ஆளாக நெல் தந்தது எங்கள் ஊரில் கணவரை இழந்த ஒரு அக்கா. லண்டனிலிருந்து வந்த பெரிய தொகையைவிட அந்தப் பற்றுச்சீட்டை எழுதும்போதுதான் கை நிதானமானது.

போக்குவரத்து, தங்குமிடம், சாப்பாடு?

ஏறுகிறவரின் செலவு ஏறுகிறவருக்கு. சேர்த்த காசில் ஒரு தேநீர்கூட இல்லை. வசதியில்லாத பெடியன் வர விரும்பினால் குழுவுக்குள் பங்குபோட்டுக் கொடுப்போம், அது வெளியே தெரியத் தேவையில்லை.

"ஒரு உச்சிக்கு இவ்வளவு" என்று பேசலாமா? பாதியில் திரும்பினால்?

பேசாதீர்கள். வெளிநாட்டில் அப்படிச் செய்கிறார்கள், எங்களுக்கும் ஒரு வருடம் அந்த ஆசை வந்தது. காய்ச்சலோடு ஒருவன் "நான் நின்றால் மாமாவின் 500 டொலர் போய்விடும்" என்று இருட்டில் ஏறிக்கொண்டிருந்தான். வலுக்கட்டாயமாக இறக்கினோம். இப்போது எல்லாம் முழுத்தொகை. ஏறினாலும் இறங்கினாலும் மாறாது. பாதியில் திரும்பினால் திரும்பினோம் என்று எழுதுகிறோம். இதுவரை ஒருவரும் காசைத் திருப்பிக் கேட்டதில்லை.

பயனாளிகளோடு படம் எடுத்துப் போடலாமா?

உங்களை எடுங்கள், மலையை எடுங்கள், உறைபனி நக்குகிறவனை எடுங்கள். கால் வாங்குகிறவரை எடுக்க வேண்டாம். சாமானைக் கையில் கொடுத்து, பின்னால் பதாகை கட்டி, சிரிக்கச் சொல்லி எடுத்த படங்களில் வன்னிச் சனம் நின்றது போதும். தருகிறவர்கள் படம் கேட்பார்கள். நாங்கள் அனுப்புவது நிலையத்தின் பற்றுச்சீட்டுப் படம். ஒருவர் அதற்காகவே விலகிப்போனார். போகட்டும்.

திரும்பி வந்த பிறகு என்ன வேலை?

ஒரு கிழமைக்குள் கணக்கு. ஒரே ஒரு தாளில்: யார் யார் எவ்வளவு, நெல் எத்தனை கிலோ என்ன விலை, நிலையத்துக்குப் போனது எவ்வளவு. பெயர் வேண்டாம் என்றவர்களுக்கு "ஊரவர்" என்று. அதைப் பெரிய எழுத்தில் அடித்துக் கூட்டுறவுக் கடைச் சுவரில் ஒட்டுகிறோம். முகநூலிலும் போடலாம், ஆனால் சுவர்தான் முக்கியம். நெல் தந்தவர்கள் முகநூலில் இல்லை. போன வருடத் தாள் மழையில் நனைந்து ஓரம் சுருண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடைசி வரிக்குப் பக்கத்தில் யாரோ பென்சிலால் மறுபடி கூட்டிப் பார்த்திருக்கிறார்கள். எங்கள் கூட்டலில் 40 ரூபாய் குறைந்திருந்தது. மறுநாள் திருத்தி ஒட்டினோம்.